சரிவில் நிறுத்திய வண்டி

கார் ஓட்டும் விளையாட்டு எதுவானாலும் அதை முதன்முறை திறந்ததும் நான் செய்வது ஒன்றுதான். பந்தயத்துக்கோ கொடுத்த பணிக்கோ போகாமல், வரைபடத்தில் மேடான இடம் ஒன்றைத் தேடிப் பிடித்து, சாலை நன்றாகச் சரியும் இடத்தில் வண்டியை நிறுத்துவேன். பிறகு கதவைத் திறந்து இறங்கி, நாலடி தள்ளி நின்று, வண்டி தானாக உருள்கிறதா அல்லது நிற்கிறதா என்று பார்ப்பேன். என் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பலமுறை பார்த்திருக்கிறான். "ரேஸ் ஓட்டவே மாட்டீங்களா மாமா?" என்று கேட்பான். ஓட்டுவேன், அதற்கு முன் இந்த உலகம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லும் பதில் அவனுக்கு வெறும் சாக்காகத்தான் படுகிறது.

ஆனால் அது சாக்கல்ல. சில விளையாட்டுகளில் வண்டியை விட்டு இறங்கிய கணமே அது ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும். சரிவு எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் அசையாது. அங்கே வண்டி என்பது ஆட்டக்காரர் போட்டுக்கொள்ளும் சட்டை மாதிரி. கழற்றி வைத்த பிறகு அதற்கென்று ஒரு வாழ்க்கை கிடையாது. வேறு சில விளையாட்டுகளில் வண்டி முதலில் தயங்கி, பிறகு மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்து, வளைவைப் பொருட்படுத்தாமல் நேராகப் போய் மரத்தில் மோதி நிற்கும். யாரும் ஓட்டாதபோதும் அந்த வண்டிக்கு எடை இருக்கிறது, சக்கரம் இருக்கிறது, கீழே இழுக்கும் பூமியும் இருக்கிறது. அப்படி ஒரு விளையாட்டு கிடைத்துவிட்டால் பணிகளை ஒத்திவைத்துவிட்டு மாதக்கணக்கில் அதனிடம் அசட்டுக் கேள்விகள் கேட்டுக்கொண்டே என்னால் இருக்க முடியும். அசட்டுக் கேள்விக்கும் முகம் சுளிக்காமல் விடை சொல்கிறதா என்பதை வைத்துத்தான் ஒரு விளையாட்டை நான் எடைபோடுகிறேன்.

இந்தச் சரிவுச் சோதனையை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பேய்க் கதை. 2004-இல் வெளிவந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' விளையாட்டில் 'பேக் ஓ பியாண்ட்' என்றொரு காட்டுப் பகுதி உண்டு. அங்கே நசுங்கி நெளிந்த பழைய 'கிளெண்டேல்' கார்கள் ஓட்டுநர் யாரும் இல்லாமல் தாமாகவே மரங்களுக்கிடையே இறங்கி வரும். விளையாடியவர்கள் அவற்றுக்குப் பேய்க் கார்கள் என்று பெயர் வைத்தார்கள். நானும் ஒரு நள்ளிரவில், விளக்கை அணைத்துவிட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது, அப்படி ஒன்று என்னை நோக்கி வருவதைக் கண்டு கணினியையே நிறுத்தியவன்தான். சில மாதங்கள் அந்தக் காட்டுப் பக்கமே போகவில்லை.

விளக்கம் மிகச் சாதாரணமானது. நிறுத்தி வைக்கப்பட்ட கார்கள் எங்கெங்கே தோன்ற வேண்டும் என்று விளையாட்டில் முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார்கள்; ஆட்டக்காரர் அந்த இடத்தை நெருங்கும்போது கார் அங்கே உருவாகும். இந்தக் கார்களுக்குக் குறித்த இடம் சரிவில் அமைந்துவிட்டது. ஹேண்ட் பிரேக் போட ஆளில்லை. உருவான மறுகணமே புவியீர்ப்பு தன் வேலையைத் தொடங்குகிறது. நாம் நெருங்கும்போதுதான் அது பிறக்கிறது என்பதால், நம்மைக் கண்டதும் கிளம்பி வருவதுபோல் தோன்றுகிறது. இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏமாற்றமே ஏற்படவில்லை. பேயைவிட இந்த விளக்கம்தான் அழகாக இருந்தது. ஆளில்லாத காருக்கும் அந்த உலகத்தின் விதிகள் பொருந்துகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அந்த விளையாட்டே எனக்கு ஒரு பணிமனையாகவும் ஆயிற்று. அதன் கோப்புகளுக்கு நடுவே 'ஹேண்ட்லிங்' என்ற பெயரில் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்று இருக்கும். எந்த எழுத்துச் செயலியிலும் அதைத் திறக்கலாம். ஒரு வண்டிக்கு ஒரு வரி. அந்த வரியில் வரிசையாக எண்கள். கிலோகிராமில் எடை, ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்பதற்கு மூன்று எண்கள், தண்ணீரில் எத்தனை விழுக்காடு அமிழும், டயரின் பிடிப்பு, கியர்களின் எண்ணிக்கை, உச்ச வேகம், எஞ்சின் முன்சக்கரத்தை இயக்குகிறதா பின்சக்கரத்தையா நான்கையுமா என்பதற்கு ஓர் எழுத்து, பிரேக்கின் வலு, ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பும், சஸ்பென்ஷன் எவ்வளவு கடினம் என்று அந்த வரி நீண்டுகொண்டே போகும். நகரத்தில் ஓடும் அத்தனை வண்டிகளின் குணமும் சில நூறு வரிகளுக்குள் அடங்கிவிட்டதைப் பார்த்து அன்று எனக்குக் கிறுக்குப் பிடித்தது என்றே சொல்ல வேண்டும்.

முதல் நாள் எல்லாவற்றையும் மாற்றினேன். எடையைக் கூட்டி, பிடிப்பைப் பெருக்கி, வேகத்தை மூன்று மடங்காக்கி, சஸ்பென்ஷனைத் தளர்த்தி ஓட்டியபோது வண்டி கிளம்பிய இடத்திலேயே கவிழ்ந்து தவளைபோல் குதித்துக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்தது, ஆனால் எந்த எண்ணால் அது குதித்தது என்று தெரியவில்லை. அடுத்த நாளிலிருந்து ஒரு தடவைக்கு ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றுவது என்ற கட்டுப்பாட்டுக்கு வந்தேன். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் எத்தனையோ முறை சொல்லியும் மண்டையில் ஏறாத அந்தப் பாடம், தவளையாகிவிட்ட காரைப் பார்த்த பிறகு ஒரே இரவில் ஏறிவிட்டது.

அப்படி மாற்றிப் பார்த்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது பேருந்தைப் பின்சக்கரத்தால் திருப்பியதுதான். வரியின் கடைசிப் பகுதியில் வரும் பதினறும எண்ணுக்குள், அதாவது பதினாறை அடிப்படையாகக் கொண்டு எழுதிய எண்ணுக்குள், சில சிறப்புக் குணங்கள் ஒளிந்திருக்கும். பின்சக்கரத்தால் திரும்புவது அவற்றில் ஒன்று. சரக்குப் பெட்டிகளைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்காக வைத்த அந்தக் குணத்தை எடுத்துப் பேருந்துக்குக் கொடுத்தேன். மெதுவாகப் போகும்போது அதைப்போல் சொன்னபடி கேட்கும் வண்டி வேறில்லை. குறுகிய சந்துக்குள்ளும் சுழன்று திரும்பியது. ஆனால் சுவரை ஒட்டிப் போய்விட்டால் அதிலிருந்து விலகவே முடியாது. வலப்புறம் போக ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டியின் பின்பகுதி முதலில் இடப்புறம் வீசும். அங்கேதான் சுவர் இருக்கிறது. வேகம் கூடினாலோ ஒரு சிறு திருப்பத்துக்கே பின்பகுதி முன்னால் வந்துவிடத் துடித்தது. கிடங்கில் ஊர்ந்து போகும் வண்டிக்குப் பின்சக்கரத் திருப்பம் ஏன் பொருந்துகிறது, நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு ஏன் பொருந்தாது என்பதை எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

2008-இல் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4' விளையாட்டில் உராய்வுக்கான எண்ணை எதிர்மறையாக மாற்றி, நகரத்தின் கார்களெல்லாம் ஒன்றையொன்று தொட்ட மாத்திரத்தில் வானத்துக்குப் பறக்கும்படி செய்த ஆர்வலர்கள் உண்டு. அந்தக் காணொளிகள் பெரும்புகழ் பெற்றன. நானும் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனாலும் இரண்டாம் முறை பார்க்க எனக்கு ஆர்வம் வரவில்லை. எல்லாமே பறக்கிற இடத்தில் கேட்பதற்குக் கேள்வி எதுவும் மிஞ்சுவதில்லை என்பதுதான் காரணம். அதே விளையாட்டில் சிறுவர் பூங்கா ஊஞ்சல் ஒன்று இருக்கிறது. அதன் இரும்புச் சட்டங்களுக்கிடையே காரைச் செருகிவிட்டுச் சற்றுக் காத்திருந்தால், கவணிலிருந்து புறப்பட்ட கல்லாக அது கட்டடங்களைத் தாண்டிப் போய் விழும். இது என்னைப் பல நாள் பிடித்து வைத்திருந்தது. எந்தக் கோணத்தில் செருகினால் அதிகத் தூரம் போகும், லாரி போகுமா, மோட்டார் சைக்கிள் போகுமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கும் ஓர் உலகத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் கோணலாக இருந்தால், அந்தக் கோணலுக்கு ஒரு சுவை வந்துவிடுகிறது.

இத்தகைய பிழைகள் ஏன் நேர்கின்றன என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விளையாட்டுக்குள் காலம் ஆறுபோல் ஓடுவதில்லை, படிப்படியாகத் தாவுகிறது. நொடிக்கு 60 முறை கணக்கிடும் விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 360 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 100 மீட்டர் போகிறது. அதாவது ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்த கணக்கீட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1.67 மீட்டர் தாவுகிறது. வழியில் 20 செ.மீ. தடிமனுள்ள சுவர் இருந்தால், ஒரு படியில் காரின் மூக்கு சுவருக்கு இந்தப் பக்கமும், அடுத்த படியில் சுவருக்குள் ஆழமாகவோ அந்தப் பக்கமோ இருக்கும். இரண்டு திடப்பொருள்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருப்பதைக் கணினி தாமதமாகக் கண்டுபிடித்து, அவற்றைப் பிரிக்க ஓர் உந்துவிசையைத் தரும். ஆழமாகப் புகுந்திருந்தால் விசையும் பெரிதாகும். குறுகிய சட்டங்களுக்கிடையே சிக்கிய பொருளை ஒரு சட்டம் ஒரு பக்கமும் மற்றொன்று மறுபக்கமும் மாறி மாறித் தள்ளும்போது விசை குவிந்துகொண்டே போய், கடைசியில் கார் வானத்தைப் பார்த்துக் கிளம்பிவிடுகிறது. இதைத் தடுக்க நுட்பமான வழிகள் பல உண்டு என்றாலும், தடுக்கப்படாத மூலை எங்கேனும் ஒன்று மிஞ்சியே இருக்கும். நம்மைப் போன்றவர்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவோம்.

விதிகளே இல்லாத ஓர் உலகம் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புபவர்கள் 2003-இல் வெளிவந்த 'பிக் ரிக்ஸ்' என்ற லாரிப் பந்தய விளையாட்டைப் பார்க்கலாம். லாரி கட்டடங்களுக்குள் புகுந்து மறுபக்கம் வரும். செங்குத்தான மலையில் வேகம் குறையாமல் ஏறும். பின்னோக்கி ஓட்டினால் வேகத்துக்கு வரம்பே கிடையாது, பொத்தானிலிருந்து விரலை எடுத்த கணமே அசையாமல் நின்றுவிடும். உலகத்திலேயே மோசமான விளையாட்டு என்று பலர் அதைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் பொழுதுபோனது சரியாக ஒரு மாலை நேரம். எதைக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டுபவரிடம் எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்க முடியும்?

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது 'பீம்என்ஜி டிரைவ்'. ஜெர்மனியின் பிரெமன் நகரத்துக் குழு ஒன்று உருவாக்கி, 2013-இல் முதல் சோதனைப் பதிப்பாக வெளியிட்ட இந்த விளையாட்டு, அதற்கு முன்பே திறமூலமாக, அதாவது யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடியதாக, வளர்ந்த 'ரிக்ஸ் ஆஃப் ராட்ஸ்' என்ற லாரி விளையாட்டில் வேரூன்றியது. பெரும்பாலான விளையாட்டுகளில் கார் என்பது சக்கரங்கள் ஒட்டிய ஒரு திடமான பெட்டி. இதிலோ கார் என்பது நூற்றுக்கணக்கான எடைப் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் ஆயிரக்கணக்கான மீள்கம்பிகளும் சேர்ந்த ஒரு பின்னல். ஒவ்வொரு கம்பியும் நீளும், சுருங்கும், எல்லை மீறினால் நிரந்தரமாக வளையும், இன்னும் மீறினால் அறுந்துபோகும். நொடிக்கு 2,000 முறை இதைக் கணக்கிடுகிறார்கள். மேலே சொன்ன 360 கி.மீ. வேகக் கார் இங்கே ஒரு படிக்கு 5 செ.மீ. மட்டுமே நகர்கிறது, சுவரைத் தாண்டித் தப்ப வழியில்லை. சுவரில் மோதினால் பம்பர் உள்வாங்கி, ரேடியேட்டர் கிழிந்து தண்ணீர் ஒழுகி, சிறிது தூரம் ஓடிய பிறகு எஞ்சின் சூடேறிச் செத்துப்போகும். நசுங்குவதற்கென்று முன்கூட்டியே வரைந்து வைத்த படம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு நசுங்கலும் அந்தந்த மோதலில் பிறக்கிறது.

இதில் ஈர்ப்பு விசையை மாற்றும் வசதி இருக்கிறது. எல்லோரையும் போல் நானும் முதலில் நிலவைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு மேட்டில் பறந்து நெடுந்தூரம் போய் விழ வேண்டும் என்ற ஆசை. மேடு வரையே போக முடியவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரம் வெறுமனே சுற்றியது. திரும்பினால் வண்டி நேராகவே போயிற்று. பிரேக்கை மிதித்தால் பனிக்கட்டியில் போவதுபோல் வழுக்கிக்கொண்டே போயிற்று. ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டபோது புரிந்தது. டயரின் பிடிப்பு என்பது அதை அழுத்தும் எடையைப் பொறுத்தது. பூமியில் ஈர்ப்பு முடுக்கம் 9.81, நிலவில் 1.62. எடை ஆறில் ஒரு பங்கானால் பிடிப்பும் ஆறில் ஒரு பங்குதான். ஆனால் வண்டியின் நிறை மாறவில்லை. அதை நிறுத்தத் தேவைப்படும் விசையும் மாறவில்லை. டயர் சாலையை எவ்வளவு பற்றும் என்பதைச் சொல்லும் உராய்வுக் கெழு 0.9 என்று வைத்துக்கொண்டால், பூமியில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஏறக்குறைய 44 மீட்டரில் நிற்கும். நிலவில் அதே கார் நிற்க 265 மீட்டர் வேண்டும். பூமியில் 100 கி.மீ. வேகத்தில் கடக்கக்கூடிய வளைவை நிலவில் 41 கி.மீ. வேகத்தில்தான் கடக்கலாம்.

மெதுவாக வேகம் கூட்டி ஒருவழியாக மேட்டை அடைந்து பறந்தபோது இன்னொரு வியப்பு காத்திருந்தது. தூரம் நான் எதிர்பார்த்தபடியே ஆறு மடங்கு ஆயிற்று; ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் கார் நொறுங்கவில்லை. பூமியில் அதே மேட்டில் அதே வேகத்தில் பறந்து விழுந்தபோது என்ன சேதமோ ஏறத்தாழ அதே சேதம்தான். யோசித்தால் இதிலும் புதிர் இல்லை. சமதளத்திலிருந்து எழும்பிய பொருள் எந்த வேகத்தில் மேலே போயிற்றோ அதே வேகத்தில்தான் தரைக்குத் திரும்புகிறது. ஈர்ப்பு குறைந்தால் அந்தப் பயணம் நீள்கிறதே தவிர, முடிவில் உள்ள வேகம் மாறுவதில்லை. ஆனால் விழுந்த பிறகு வண்டி அடங்கவில்லை. அமுங்கிய சுருள்கள் விரியும்போது அதை அழுத்திப் பிடிக்க எடை போதாமல், மறுபடி மறுபடி எழும்பிக்கொண்டே போயிற்று. சூரியனின் ஈர்ப்பையும் போட்டுப் பார்த்தேன். பூமியைப் போல் 28 மடங்கு. கார் எங்கும் போகவில்லை. தன் எடையைத் தானே தாங்க முடியாமல் அச்சுகள் முறிந்து, கூரை தாழ்ந்து, அப்படியே தரையோடு படிந்துவிட்டது. அது சில நொடி வேடிக்கைதான். நிலவின் பிரேக்தான் என்னை வாரக்கணக்கில் ஆட்டிவைத்தது.

அதே விளையாட்டில் 'பிஜியன்' என்றொரு மூன்று சக்கர வண்டி இருக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. வளைவில் கவிழ்வதற்கென்றே பிறந்தது என்று எல்லோரும் கேலி செய்யும் வண்டி. ஒரே வளைவில், ஒரே வேகத்தில் நுழைந்து, ஒரு முறை பிரேக்கை மிதித்தும், மறுமுறை ஆக்சிலரேட்டரை மிதித்தும் பார்த்தேன். பிரேக்கை மிதித்தபோது சட்டென்று கவிழ்ந்தது, மற்றதில் தாக்குப்பிடித்தது. மூன்று சக்கரங்களும் தரையைத் தொடும் இடங்களை இணைத்தால் முன்பக்கம் கூரான ஒரு முக்கோணம் கிடைக்கும். பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னோக்கி, அதாவது முக்கோணத்தின் குறுகிய பகுதிக்குத் தள்ளப்படுகிறது. அங்கே பக்கவாட்டில் தாங்க இடமில்லை. பயந்தவன் பிரேக்கைத்தான் மிதிப்பான் என்பதை நினைக்கும்போது, இந்த வண்டியின் வடிவத்திலேயே ஒரு வஞ்சகம் இருப்பதாகத் தோன்றுகிறது.

இந்த நேர்மை எல்லா விளையாட்டுகளுக்கும் கைவராததற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமில்லை. உண்மையான கார்களின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும். தங்கள் கார் அப்பளமாக நொறுங்குவதைக் காட்டுவதற்குக் கார் நிறுவனங்கள் பொதுவாக விரும்புவதில்லை. அதனால்தான் கண்ணைப் பறிக்கும் அழகோடு வரும் பந்தய விளையாட்டுகள் பலவற்றில், மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் பாறையில் மோதிய காரின் வண்ணத்தில் கீறல் மட்டும் விழுகிறது. மோதல்களையே கொண்டாடிய 'பர்ன்அவுட்' வரிசையும், 'பீம்என்ஜி'யும் கற்பனைக் கார்களை வைத்துக்கொண்டதில் வியப்பில்லை. பொய்ப் பெயர் தாங்கிய கார்கள் உண்மையாக உடைகின்றன. உண்மைப் பெயர் தாங்கியவையோ உடையவே மறுக்கின்றன.

லாரிகளின் பக்கம் வந்தால், 2012-இல் செக் நாட்டு நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' சோதனைக்காரர்களின் விளையாட்டாகவே பலருக்குத் தோன்றாது. ஐரோப்பாவின் சாலைகளை 1:19 என்ற அளவில் சுருக்கி, சரக்கைச் சேதமில்லாமல் கொண்டுசேர்ப்பதே அதில் பிழைப்பு. ஆனால் அமைப்புகளில் காற்றழுத்தப் பிரேக்கை உண்மைக்கு நெருக்கமாக வைத்துக்கொண்டு, முழுச் சரக்கோடு நீண்ட இறக்கத்தில் ரிடார்டர் என்ற துணைப் பிரேக்கைத் தொடாமல் பிரேக் பெடலை மட்டும் விட்டுவிட்டு மிதித்துக்கொண்டே இறங்கிப் பாருங்கள். ஒவ்வொரு மிதிக்கும் தொட்டியில் உள்ள காற்று குறையும். ஓர் அளவுக்குக் கீழே போனதும் எச்சரிக்கை ஒலி கேட்கும். அதையும் கண்டுகொள்ளாவிட்டால் பிரேக் தானாக இறுகி வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். காற்றுப் போனால் பிரேக் பிடிக்காது என்று நினைத்திருந்த நான், காற்றுப் போனால் பிரேக் விடாது என்பதை அங்கேதான் கற்றேன். உண்மையான லாரிகளிலும் பெடலை மிதிக்கும்போது பிரேக்கை அழுத்துவது காற்றுதான் என்றாலும், நிறுத்தி வைக்கும் பிரேக்கையும் அவசரப் பிரேக்கையும் சுருள்வில்தான் இறுக்கிப் பிடிக்கிறது. அங்கே காற்றின் வேலை அந்தச் சுருள்வில்லைத் தளர்த்தி வைத்திருப்பது. பின்னால் வரிசைகட்டி ஒலியெழுப்பிய கற்பனை ஓட்டுநர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆட்டக்காரரே வண்டியைக் கட்டிக்கொள்ளும் விளையாட்டுகளில் வேறு வகைச் சிக்கல் ஒன்றைக் கண்டேன். 2023-இல் வந்த 'செல்டா: டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' பலகை, சக்கரம், விசிறி, இறக்கை என எதையும் எதோடும் ஒட்ட விடுகிறது. முதல் வாரத்தில் நான் கட்டிய வண்டிகளில் பாதி கிளம்பியதும் குட்டிக்கரணம் அடித்தன, மீதி ஆற்றில் மிதந்து போயின. அவ்வளவும் இன்பமாக இருந்தது. பிறகு இரண்டு விசிறிகளையும் ஒரு திருப்புக் கோலையும் மட்டும் ஒட்டினால் எங்கும் பறக்கும் வாகனம் தயார் என்று உலகமே கண்டுபிடித்துவிட்டது. இறக்கைகள் சிறிது நேரத்தில் மறைந்துபோகும், இது அவ்வளவு சீக்கிரம் மறையாது, மின்கலத்தையும் அதிகம் தின்னாது. அதைக் கட்டிய நாளிலிருந்து நான் வேறு எதையும் கட்டவில்லை. குறையில்லாத விடை கிடைத்துவிட்ட பிறகு கேள்வி கேட்க மனம் வருவதில்லை. இதற்கு விளையாட்டைக் குறைசொல்வதா என் சோம்பலைக் குறைசொல்வதா என்று இன்னும் முடிவுசெய்யவில்லை. 2010-இல் வந்த 'ஜஸ்ட் காஸ் 2' இவ்விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. அதில் எந்த இரண்டு பொருள்களையும் ஒரு கயிற்றால் கட்டலாம், அவ்வளவுதான். ஓடும் காரை விளக்குக் கம்பத்தோடு கட்டலாம், எழும்பும் விமானத்தோடு கட்டலாம், எதிரே வரும் இன்னொரு காரோடும் கட்டலாம். கருவி ஒன்றே, ஆனால் அதற்கு இதுதான் சிறந்த பயன் என்று எவராலும் சொல்ல முடியாததால் சோதனை தீரவே இல்லை.

'டிராக்மேனியா'வைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அதன் இயற்பியல் உண்மைக்கு எவ்விதத்திலும் நெருக்கமானதல்ல. கார் சுவரில் ஓடும், தலைகீழாகச் சுற்றும். ஆனால் அது மாறாதது. நொடிக்கு 100 படிகளாக நடக்கும் அதன் கணக்கில், அதே பொத்தான்களை அதே கணங்களில் அழுத்தினால் அதே ஓட்டம்தான் வரும், ஒரு மயிரிழைகூடப் பிசகாது. இதை நம்பி ஆர்வலர்கள் விசித்திரமான பாதைகளைக் கட்டினார்கள். முன்னோக்கி ஓட்டும் பொத்தானை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் தொடாமல் இருந்தால், கார் தானே சுவர்களில் பட்டுத் தெறித்து, வளையங்களுக்குள் நுழைந்து, எங்கெங்கோ பறந்து, சரியாக முடிவுக்கோட்டில் வந்து இறங்கும். பார்ப்பவருக்கு அது அதிர்ஷ்டம் போலத் தெரியும். கட்டியவரோ ஒவ்வொரு பலகையாக வைத்து, ஓட்டி, நகர்த்தி, மறுபடி ஓட்டி, நூற்றுக்கணக்கான சிறு சோதனைகளை அந்த ஒரு நிமிடத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறார்.

சென்ற விடுமுறையில் அக்கா மகன் என் கணினியில் 'பீம்என்ஜி'யைத் திறந்தான். ரேஸ் ஓட்டப் போகிறான் என்று நினைத்து நான் வேறு வேலையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான். ஒரு பிக்அப் லாரியைச் செங்குத்தான தார்ச்சாலையில் மேலே பார்த்தபடி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு இறங்கியிருக்கிறான், அசையாமல் நின்றிருக்கிறது. அதே இடத்தில் வண்டியைத் திருப்பிக் கீழே பார்த்தபடி நிறுத்தி அதே ஹேண்ட் பிரேக்கைப் போட்டால், பூட்டிய பின்சக்கரங்களை இழுத்துக்கொண்டு அது வழுக்கி இறங்குகிறது. "இது பக் தானே மாமா?" என்றான்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐந்தாறு முறை மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அதே விடை. இத்தனை வருடம் சரிவில் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவனுக்கு அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கவனிக்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பழைய வழக்கப்படி தாளை எடுத்தேன். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும். சரிவில் நிற்கும் வண்டியின் பாரம் கீழ்ப்பக்கத்துச் சக்கரங்களுக்குச் சாய்கிறது. வண்டி மேலே பார்த்து நின்றால் கீழ்ப்பக்கம் இருப்பவை பின்சக்கரங்கள்; பிரேக் பிடித்த சக்கரத்தின் மேலேயே பாரம் விழுவதால் நன்றாகப் பற்றுகிறது. கீழே பார்த்து நின்றால் பாரமெல்லாம் சும்மா சுழலும் முன்சக்கரங்களுக்குப் போய்விடுகிறது. பூட்டிய பின்சக்கரங்கள் லேசாகித் தரையை விட்டுக்கொடுக்கின்றன. போதாக்குறைக்குக் காலி பிக்அப்பில் எஞ்சினின் எடை முழுதும் முன்னால் இருக்கிறது. முன்பாரம் 60 விழுக்காடு, ஈர்ப்பு மையத்தின் உயரம் சக்கர இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், உராய்வு 0.9 என்று வைத்துக் கணக்கிட்டேன். மேலே பார்த்து நின்றால் சுமார் 24 டிகிரிச் சரிவு வரை தாங்கும்; கீழே பார்த்து நின்றால் 17 டிகிரியை எட்டும் முன்பே வழுக்கத் தொடங்கும். நாங்கள் நிறுத்திய சரிவு இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருந்திருக்க வேண்டும்.

அவன் தாளைப் பாதிதான் பார்த்தான். "அப்போ பின்னாடி வெயிட் ஏத்தினா நிக்கணும் இல்ல?" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் பிக்அப்பின் பின்தொட்டியில் பாரம் ஏற்றி, அதே சரிவுக்கு ஓட்டிப்போய், கீழே பார்த்தபடி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு இறங்கினான். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டி பின்சுருள்கள் அமுங்கி ஒரு முறை ஆடி அடங்கியது, நகரவில்லை. அரை நிமிடம் பொறுத்துப் பார்த்தவன் வரைபடத்தைத் திறந்தான்.

"இதவிடச் செங்குத்தா ரோடு எங்க இருக்கு மாமா?"